சேது யாத்திரையும் சாரதியின் தூக்கமும்

தை, ஆடி, மஹாளய அமாவாஸ்யை தினங்களில் விடியற்காலையிலேயே அக்னி தீர்த்தத்தில் ஸ்நானம் செய்து பிதுர்க்கடன் தீர்க்க வேண்டுமென்று ஜனங்கள் திரள்திரளாக இராமேசுவரம் வருகிறார்கள். சென்னையிலிருந்து 550 கிலோமீட்டருக்குக் குறையாது. ஆகையால் வண்டி இரவெல்லாம் ஓடியாக வேண்டும். உள்ளே பன்னிரண்டு பேர் தூங்குகிறார்கள். ஒருவன் மட்டும் தூங்கலாகாது. மதுரை மார்க்கமாக வந்தாலும் கடற்கரைச் சாலையில் வந்தாலும், இராமநாதபுரம் தாண்டி உச்சிப்புளியையும் மண்டபத்தையும் அவன் நெருங்கும் வேளை பின்னிரவு மூன்று, நாலு மணி. மனித சரீரம் நித்திரையை மிகவும் வேண்டி நிற்கும் நேரம் அதுவே. 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடுகிறது. நாலு விநாடி கண்ணயர்ந்தால் ஏறக்குறைய 90 மீட்டர் தூரம் வண்டி தானாகவே போகிறது.

2022-ஆம் வருஷத்தில் நம் தேசத்துச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். விபத்துக்களின் தொகையில் தமிழ்நாடே முதலிடம் பெற்றது: 64,105. மரணங்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் அதிவேகத்தால் நேர்ந்தவை என்று மத்திய சர்க்காரின் அறிக்கை கூறுகிறது. வேகம் கொடியது என்பதில் ஐயமில்லை. ஆனால் உறங்கிவிட்டவன் பிரேக்கை மிதிப்பதில்லை. அவன் வண்டியும் முழு வேகத்தோடுதான் மோதுகிறது. வேகத்துக்கு அளவுகருவி உண்டு. தூக்கத்துக்கு எந்தப் போலீஸ்காரரிடம் கருவி இருக்கிறது?

நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வண்டியோட்டுவது நம் சட்டப்படி குற்றம். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனுடைய கையும் கண்ணும் 50 மில்லிகிராம் மது ஏறியவனைப்போலவே தடுமாறுகின்றன என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் பரிசோதித்துக் காட்டினார்கள். முன்னவனைச் சிறைக்கு அனுப்புகிறோம். பின்னவனுக்கு ஒரு டம்ளர் தேநீர் வாங்கிக் கொடுத்து, "சீக்கிரம் போ அப்பா, ஸ்நானத்துக்கு நேரமாகிறது" என்கிறோம்!

1988 அக்டோபரில் பாம்பன் சாலைப்பாலம் திறக்கப்படும்வரை தீவுக்கு ரயிலே பிரதான வழி. யாத்திரிகர் தூங்கினார், எஞ்சின் ஓட்டுபவருக்கு வழியில் மாற்றாள் வந்தார். இன்று அப்பாலத்தின்மீது வண்டிகளை நிறுத்தி, 2025-இல் திறந்த புதிய ரயில் பாலத்தைப் படம்பிடிப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. இரவு முழுவதும் விழித்த சாரதியொருவன் எதிரே வரும் இருவழிப் பாதையில், ஒரு வழியை அடைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பதைப்போல் அவிவேகம் வேறில்லை.

மோட்டார்த் தொழிலாளரின் வேலையை நாளொன்றுக்கு 8 மணியென்று 1961-ஆம் வருஷத்துச் சட்டம் வரையறுத்தது. ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்த ஸ்தாபனங்களையே அது கட்டுப்படுத்திற்று. ஒற்றை வேனை வைத்துப் பிழைப்பவன் அன்றே அதற்கு வெளியே நின்றான். அன்னிய ஆட்சியின்மேல் பழி போட வழியில்லை. இது நாமே இயற்றிய சட்டம்.

தீவை அடைந்தபிறகாவது அவனுக்கு இளைப்பாறல் உண்டா? இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் இவர்கள் நீராடும்போது, அவன் வண்டியை நிறுத்த இடம் தேடி அலைகிறான். பிறகு தனுஷ்கோடி, அரிச்சல்முனை. அன்றிரவே திரும்புதல். விருந்தினரின் சாரதிகளுக்கு விடுதிகள் படுக்கையிடம் தரவேண்டுமென்று 2023-இல் தமிழக அரசு கட்டட விதிகளைத் திருத்தியது, வரவேற்கிறோம். ஆனால் விடுதியில் தங்காமல் ஒரே பகலில் திரும்பும் கூட்டத்தின் சாரதிக்கு அதனால் பயனில்லை.

தீவின் வாசலாகிய மண்டபத்திலும், இராமேசுவரத்தில் வண்டிகள் நிற்குமிடத்திலும், கூரையும் பாயும் குழாயும் கழிப்பிடமும் கொண்ட இலவசச் சாரதிச் சத்திரங்கள் வேண்டும். நகரசபை செய்யும்வரை காத்திராமல், தண்ணீர்ப்பந்தல் வைக்கும் தொண்டர்கள் அடுத்த அமாவாஸ்யைக்கே ஒரு கொட்டகை போடலாம். யாத்திரை செல்வோரோ வாடகை பேசும்போதே இரண்டாவது சாரதிக்கும் சேர்த்துப் பேசட்டும். அவனுடைய கூலியைப் பன்னிரண்டாகப் பங்கிட்டால் தலைக்கு என்ன வந்துவிடும்?