எழுத்துகளை முதலில் நகர்த்துங்கள்

கணக்கும் களமும் – 9

1963 நவம்பர் 21 அன்று மாலை, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா கடற்கரையிலிருந்து நைக் அப்பாச்சி என்ற அமெரிக்க ராக்கெட் கிளம்பியது. 200 கிலோமீட்டருக்கும் மேலே சென்ற அந்த ராக்கெட் விட்ட சோடியம் ஆவி, அந்தி வானத்தில் படர்ந்து கேரளத்திலும் தென்தமிழகத்திலும் தெரிந்தது. இந்திய விண்வெளித் திட்டத்தின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. தேவாலயம் அலுவலகமானதும், சைக்கிளில் ராக்கெட் பாகம் போனதும் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. இந்த வாரம் நாம் பார்க்கப்போவது, அங்கே போடப்பட்ட கணக்கு எந்தத் திசையில் போடப்பட்டது என்பதை.

விக்ரம் சாராபாய் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பூமியின் காந்த நடுக்கோடு. அந்தக் கோட்டை ஒட்டி, தரையிலிருந்து ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில் பகல் நேரத்தில் வலுவான மின்னோட்டம் ஒன்று ஓடுகிறது. ஆய்வு பலூன்கள் 40 கிலோமீட்டர் வாக்கில் நின்றுவிடும். செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வாகச் சுற்றினால் காற்றின் உராய்வில் விழுந்துவிடும். அங்கே போய் அளக்க ராக்கெட்டை விட்டால் வழியில்லை.

ஆகவே தும்பாவில் உயரம் முதலிலேயே தெரியும். தெரியாதது வேகம். நம் பாடநூல் பெரும்பாலும் எதிர்த்திசையில் கேட்கிறது: இந்த வேகத்தில் மேலே எறிந்தால் எவ்வளவு உயரம் போகும்?

வேகத்தை வே, உயரத்தை உ, நிறையை நி, புவியீர்ப்பு முடுக்கத்தை ஈ என்று வைத்துக்கொள்வோம். காற்றின் தடையை இப்போதைக்கு மறந்துவிட்டால், கிளம்பும்போது உள்ள இயக்க ஆற்றல் முழுவதும் உச்சியில் நிலை ஆற்றலாக மாறுகிறது:

½ × நி × வே² = நி × ஈ × உ

இந்த இடத்தில் பல மாணவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். “ராக்கெட்டின் நிறை கொடுக்கவில்லையே?” கொடுக்கத் தேவையில்லை. இரண்டு பக்கத்தையும் நி-யால் வகுத்தால் நி காணாமல் போகிறது. பிறகு இரு பக்கத்தையும் 2-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால்:

வே = √(2 × ஈ × உ)

இனிதான் எண்கள் வர வேண்டும். ஈ 9.8, உ 1,05,000 மீட்டர். விடை, வினாடிக்குச் சுமார் 1,435 மீட்டர்.

எண்ணை முதலிலேயே போட்டுவிடும் மாணவருக்கு இந்த விடை மட்டுமே கிடைக்கும். எழுத்துகளை முதலில் நகர்த்தியவருக்குக் கூடுதலாக இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஒன்று, தேவைப்படும் வேகத்துக்கும் ராக்கெட்டின் நிறைக்கும் தொடர்பில்லை. இரண்டு, உயரம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்கானால் போதும். இஸ்ரோவின் ரோகிணி 560 ராக்கெட் 470 கிலோமீட்டர் வரை செல்லக்கூடியது. 105-ஐப் போல அது ஏறக்குறைய நாலரை மடங்கு. சூத்திரம் தரும் வேகமோ வினாடிக்குச் சுமார் 3,035 மீட்டர், இரு மடங்கைக் கொஞ்சம் தாண்டியது. அவ்வளவு உயரத்தில் ஈ-யும் 13 சதவீதம் போலக் குறைந்திருக்கும் என்பதால் இது தோராயக் கணக்குதான்.

“அந்தப் பக்கம் போனால் குறி மாறும்” என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோமே, அந்த வாசகத்தின் மேல் எனக்கு உண்மையான கோபம் உண்டு. 3க = 12 என்பதைப் பார்த்து, 3-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கழித்து க = 9 என்று எழுதும் பிள்ளை அந்த வாசகத்தைத்தான் பின்பற்றுகிறது. எதுவும் பக்கம் தாண்டிப் போவதில்லை. சமன்பாடு ஒரு தராசு. ஒரு தட்டில் செய்ததை மறு தட்டிலும் செய்கிறோம், அவ்வளவே. இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு ஒரே சூத்திரத்தின் மூன்று வடிவங்களை மனப்பாடம் செய்யும் வேலை இல்லை.

வேகம் கிடைத்துவிட்டது. அந்த வேகத்துக்கு எவ்வளவு எரிபொருள் வேண்டும்? ருஷ்யப் பள்ளி ஆசிரியர் கான்ஸ்டான்டின் சியோல்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்ட சமன்பாடு இதற்கு உதவுகிறது. ராக்கெட் பெறும் வேகம் என்பது, வாயு வெளியேறும் வேகத்தை, தொடக்க நிறைக்கும் இறுதி நிறைக்கும் உள்ள விகிதத்தின் இயல் மடக்கையால் பெருக்கி வருவது. முதல் சமன்பாட்டில் மறைந்த நிறை இங்கே திரும்பி வந்து ஆட்டிப்படைக்கிறது.

பொறியாளருக்கு வேண்டியது நிறை விகிதம். எனவே இதையும் திருப்ப வேண்டும்: வேண்டிய வேகத்தை வெளியேறும் வேகத்தால் வகுத்து, வருவதை, இயல் மடக்கையின் அடிமானமான 2.718-க்கு அடுக்காகப் போட வேண்டும். தாழ்ந்த சுற்றுப்பாதையை எட்ட, இழப்புகளையும் சேர்த்து வினாடிக்கு 9.4 கிலோமீட்டர் போல வேண்டும். இஸ்ரோவின் விகாஸ் எஞ்சினில் வாயு வெளியேறும் வேகம் சுமார் 2.9 கிலோமீட்டர். விகிதம் 25-ஐத் தாண்டுகிறது. அதாவது 100 கிலோவில் 96 கிலோ எரிபொருளே; எஞ்சின், தொட்டி, செயற்கைக்கோள் எல்லாம் மீதி 4 கிலோவுக்குள் அடங்க வேண்டும். ஒற்றை ராக்கெட்டால் ஆகாது, அடுக்கடுக்காகக் கழற்றிப்போட வேண்டும் என்பதைத் திருப்பி எழுதிய அந்த ஒரு வரியே சொல்லிவிடுகிறது.

அதே வரி இன்னொன்றையும் காட்டுகிறது: வெளியேறும் வேகம் அடுக்கில் உட்கார்ந்திருப்பதால், அதைக் கொஞ்சம் கூட்டினாலும் பலன் பெரிது. திரவ ஹைட்ரஜனை எரிக்கும் கிரையோஜெனிக் எஞ்சினில் அது 4.3 கிலோமீட்டரைத் தாண்டும். விகிதம் 9 அளவுக்கு இறங்கிவிடும். திருவனந்தபுரம் வலியமலையில் உள்ள திரவ உந்து அமைப்பு மையம் இந்த எஞ்சினுக்காக ஆண்டுக்கணக்கில் பாடுபட்டது இதற்காகத்தான். 2014 ஜனவரி 5 அன்று ஜிஎஸ்எல்வி டி5 உள்நாட்டுக் கிரையோஜெனிக் எஞ்சினுடன் வெற்றிகரமாகப் பறந்தது.

தும்பாவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்கு இயக்குநராக இருந்து, பின்னர் இஸ்ரோ தலைவரான கே. சிவன், குமரி மாவட்டத்தின் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர், கணிதப் பட்டதாரி. ராக்கெட்டின் பறப்புப் பாதையைக் கணிக்கும் ‘சித்தாரா’ மென்பொருளை உருவாக்கியதில் முதன்மையானவர். தமிழில் கணக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த வளாகம் தூரத்து ஊர் அல்ல.

இந்த வாரத்துக்கு ஒரு கணக்கு. ரோகிணி 200 ராக்கெட் 80 கிலோமீட்டர் உயரம் செல்லும். ரோகிணி 300 இரண்டாம் வகை, 160 கிலோமீட்டர். உயரம் இரு மடங்கு. வேகமும் இரு மடங்காக வேண்டுமா? எண் எதையும் போடாமல், எழுத்துகளை மட்டும் நகர்த்தி விடை கண்டு வையுங்கள். அடுத்த வாரம் அங்கிருந்து தொடர்வோம்.