நம்ம ஊரைவிட வறண்ட ஊர்!

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் திருச்சுழி. ஏறக்குறைய அதே தூரம், சுமார் 17 கிலோமீட்டர், செங்குத்தாக மேலே போனால் (பஸ் கிடையாது ஸார்!) ஸ்ட்ராடோஸ்பியர் ஆரம்பம். கரிசல்காட்டு வறட்சியெல்லாம் அங்கே ஜுஜுபி. காற்றில் பத்து லட்சத்துக்கு நாலைந்து பங்குதான் நீராவி!

காரணம், அதன் வாசலில் காவல் நிற்கும் மைனஸ் 80 டிகிரி குளிர். ஏறிவரும் நீராவி உறைந்து பனித்துகளாகி, பெரும்பாலும் கீழேயே தங்கிவிடும். அதற்கு மேலே ஓஸோன் வெயிலை வாங்கிச் சூடாகிறது. குளிர்ந்த காற்று அதைத் தாண்டி எழும்பாது. மூடி போட்ட மாதிரிதான். ஐப்பசி சாயங்காலம் பெரிய இடிமேகம் உச்சி தட்டையாகி, கொல்லன் பட்டறைக் கல் மாதிரி விரிகிறதே... அந்த மூடியில் முட்டிக்கொண்டது!

முட்டட்டும். மூடி இல்லாவிட்டால் நீராவி இன்னும் மேலே போய், புற ஊதாக் கதிரில் உடைந்து, ஹைட்ரஜன் விண்வெளிக்குக் கம்பி நீட்டிவிடும். வெள்ளி கிரகம் தண்ணீரைத் தொலைத்தது இப்படித்தான் என்கிறார்கள்.