சூடு தணிந்த பிறகு பேசலாம்

மதுரை எரிந்ததற்குக் கண்ணகியின் கோபத்தைத்தான் எல்லோரும் காரணம் சொல்கிறோம். சிலப்பதிகாரத்தை நிதானமாகப் படித்தால், அதற்கு முன்பே அரண்மனையில் ஒரு சின்னக் கோபம் புகைந்துகொண்டிருந்தது தெரியும். கூத்தாடும் மகளிரிடம் அரசன் மனம் போய்விட்டதென்று கோப்பெருந்தேவிக்கு ஊடல். தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விடுகிறாள். அவளைச் சமாதானம் செய்யப் பாண்டியன் விரைகிறான். வழியில் பொற்கொல்லன் குறுக்கிட்டு, சிலம்பு திருடியவன் அகப்பட்டான் என்கிறான். விசாரிக்கப் பொறுமை இல்லை. நின்ற இடத்திலேயே உத்தரவு பிறக்கிறது. கோவலன் தலை போனது, கணவன் மனைவி சண்டைக்கு நடுவில் சொன்ன ஒரு வார்த்தையால்.

நம் வீடுகளில் உயிர் போவதில்லை, மற்றபடி கதை இதுதான். மேலதிகாரியிடம் திட்டு வாங்கி, கோரிப்பாளையம் நெரிசலில் ஹாரன் சத்தத்தில் வெந்து, பசியோடு வீடு வந்தவர் கையில் பிள்ளையின் மார்க் ஷீட் கிடைக்கிறது. அன்றைக்கு அந்தக் கணக்கு மார்க்குக்கு விழும் அடி கணக்குப் பாடத்துக்கானது இல்லை. கோபம் வந்தால் உடம்பில் அட்ரினலின் ஏறுகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மேலே நிற்கிறது. காரணம் போன பிறகும் இந்தப் படபடப்பு உடனே அடங்குவதில்லை. அடுத்து எதிரில் வருகிறவர் மாட்டிக்கொள்கிறார்.

‘உள்ளே வைக்காதே, கொட்டித் தீர்த்துவிடு’ என்பது நாம் நெடுநாளாகக் கேட்கும் ஆலோசனை. மனத்தைப் பிரஷர் குக்கராக நினைப்பதால் வந்த வினை. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிராட் புஷ்மனும் சோஃபி கியார்விக்கும் 154 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய தரவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2024-இல் வெளியிட்ட முடிவு வேறு: கத்தித் தீர்ப்பதால் கோபம் குறைவதில்லை. உடம்பின் படபடப்பைக் குறைக்கும் மூச்சுப் பயிற்சி, தியானம், தசைகளைத் தளர்த்துவது போன்றவைதான் பலன் தந்தன. மெல்லோட்டம்கூடக் கோபத்தை ஏற்றவே செய்ததாம். பந்து விளையாட்டிலோ குறைந்திருக்கிறது. கூட்டாளிகளோடு சிரித்து ஆடுவதால் இருக்கலாம் என்பது என் ஊகம்.

மதுரைக்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இங்கே கோபக்கார சாமிக்குத் தண்ணீரைத்தான் பீய்ச்சுகிறோம். தங்கை மீனாட்சியின் கல்யாணம் தான் வருவதற்குள் முடிந்துவிட்டதே என்று அழகர் கோபித்து, ஊருக்குள் நுழையாமல் வண்டியூருக்குப் போய்விடுகிறார். கோயில் சொல்லும் காரணம் வேறு: துர்வாசர் சபித்துத் தவளையாக்கிய முனிவருக்குச் சாப விமோசனம் தர வருகிறார். அந்தக் கதையிலும் ஒரு முனிவரின் முன்கோபம்தான் இருக்கிறது. எப்படியும், சித்திரை வெயிலில் வருகிற அழகர் மேல் தோல்பையிலிருந்து தண்ணீர் சீறும்போது, சுற்றி நிற்கும் கூட்டமும் சேர்ந்து நனைகிறது.

ஆனால் அழகர் செய்ததை அப்படியே வீட்டில் செய்யக்கூடாது. பத்திரிகையில் பேர் போடவில்லை, தாய்மாமனை மேடைக்கு முதலில் கூப்பிடவில்லை என்று விசேஷ வீட்டிலிருந்து கிளம்பிப்போய், பதினைந்து வருஷம் பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பிகள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை பேர்! அது அடங்கிய கோபம் இல்லை, ஊறப்போட்ட கோபம். எழுந்து போவது நல்லதுதான். போகும்போது, ‘இப்ப என்னால பேச முடியலப்பா, ராத்திரி சாப்பிட்டுட்டுப் பேசுவோம்’ என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொன்னபடி திரும்பியும் வர வேண்டும். இந்த இரண்டாவது பாதியில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள்.

இடைப்பட்ட நேரத்தில் முகம் கழுவலாம். இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சை நீளமாக்கலாம். வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் எதுவும் எழுதாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

வள்ளுவர் வெகுளாமையைத் துறவறவியலில் வைத்தார். இல்லறத்தானுக்குப் பொறையுடைமையைச் சொன்னார். குடும்பம் நடத்துகிறவனுக்குக் கோபமே வராது என்று அவரும் நம்பவில்லை போலும். வரவேண்டிய கோபமும் உண்டு. கண்ணகி முதலில் அரசவைக்குப் போய் வழக்குச் சொன்னாள், சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டினாள். தீ வைத்தபோதும் முதியோரையும் குழந்தைகளையும் விலக்கினாள். கூலி பிடிக்கப்பட்டவரும், பட்டாவுக்கு அலைக்கழிக்கப்பட்டவரும் பல்லைக் கடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. ரசீதையும் தேதியையும் எடுத்து வைத்துக்கொண்டு கேட்கலாம். குரல் உயர்ந்தால் எதிராளி ரசீதை விட்டுவிட்டுக் குரலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

கோபம் கைக்கு வந்துவிட்ட வீடுகளுக்கு மேலே சொன்ன எதுவும் போதாது. குடித்தால் மட்டும் அடிக்கிறார், மற்றபடி தங்கமானவர் என்று மூடி மறைப்பதும் உதவாது. மதுரையில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992 முதல் மனநலப் பணி செய்கிறது. அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே தெரிந்துவிடுமோ என்று தயங்குகிறவர்கள் டெலிமானஸ் எண் 14416-க்குக் கட்டணமில்லாமல், எந்த நேரத்திலும், தமிழிலேயே பேசலாம். இது கோபப்படுகிறவருக்கான எண். அடி வாங்குகிற பெண்ணுக்கு வேறு எண்: 181.