வேண்டாத சேவலுக்கு ஒரு வீடு

நம் நாட்டு நகரங்களின் சந்தைகளிலும் தெருவோரங்களிலும் சாயம் தோய்த்த கோழிக்குஞ்சுகள் விற்கப்படுவதைக் காணலாம். அவற்றுள் பெரும்பாலானவை ஆண்குஞ்சுகள். முட்டைக்காக வளர்க்கப்படும் கோழி இனங்களில் ஆண்குஞ்சு முட்டையிடாது. இறைச்சிக்கு ஏற்றவாறு விரைந்து வளரவும் செய்யாது. ஆதலால் குஞ்சு பொரிப்பகங்கள் அவற்றைப் பயனற்றவை எனக் கழித்துவிடுகின்றன. பல நாடுகளில் அவை பிறந்த அன்றே கொல்லப்படுகின்றன. இவ்வழக்கத்தை ஜெர்மனி 2022ஆம் ஆண்டு முதல் தடை செய்துள்ளது.

குழந்தைகள் ஆசையுடன் வாங்கும் குஞ்சு, சில மாதங்களில் கொண்டை சிவந்து, கழுத்தை நீட்டிக் கூவத் தொடங்குகிறது. அப்போதுதான் ‘இதை என்ன செய்வது?’ என்னும் வினா வீட்டில் எழுகிறது.

சேவல் ஏன் சுமையாகிறது?

முதற்காரணம் அதன் குரல். சேவல் வெளிச்சத்தைக் கண்டு மட்டும் கூவுவதில்லை. அதன் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் இயங்குகிறது என்பதை ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் நிறுவினர். மாறாத மங்கிய ஒளியில் வைக்கப்பட்ட சேவல்களும் விடியற்பொழுதை ஒட்டியே கூவின. எனவே கூண்டைத் துணியால் மூடினால் கூவாது என்று நம்புவதற்கில்லை. நம் நாட்டின் ஒலி மாசு விதிகள் (2000), குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என ஒலியின் அளவை வரையறுக்கின்றன. சேவலின் குரலோ மிக உரத்தது. சுவரோடு சுவர் ஒட்டிய குடியிருப்பில் அண்டை வீட்டாரின் வருத்தம் நியாயமானதே.

இரண்டாவது காரணம் எண்ணிக்கை. பொரிக்கும் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி ஆண். ஆனால் எட்டு அல்லது பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். சேவல்கள் மிகுந்தால் ஒன்றோடொன்று போரிடும். பெட்டைகளின் முதுகு இறகும் உதிரும்.

செய்யத் தகாதவை

சிலர் சேவலைப் பூங்காவிலோ ஏரிக்கரையிலோ விட்டுச் செல்கின்றனர். அதற்கு விடுதலை அளித்ததாக எண்ணுவது பிழை. வீட்டில் தீனி உண்டு வளர்ந்த பறவை பசியாலோ நாய்களாலோ மடியும். பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். கேளிக்கைக்காக விலங்குகளைச் சண்டையிடத் தூண்டுவதும் அவ்வாறே.

புதிய வீடு தேடும் முறை

சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும். ஆனால் அம்முட்டை குஞ்சு பொரிக்காது. ஆகவே பெட்டைகளை மட்டும் வைத்திருந்து, குஞ்சு விரும்புவோருக்குச் சேவல் தேவைப்படும். நகரின் புறத்தே வாழும் உழவர்கள், பால் கொண்டு வருவோர், அரசு கால்நடை மருத்துவமனை, விலங்குக் காப்பகம் ஆகிய இடங்களில் விசாரித்தால் அத்தகையோரை அறியலாம்.

கொடுப்பவர் சேவலின் வயது, குணம், இராணிக்கெட் நோய்க்குத் தடுப்பூசி போடப்பட்டதா என்பனவற்றை மறைக்காமல் கூற வேண்டும். கொத்தும் குணமுடையதாயின் அதனையும் கூறுதல் கடமை. பெறுபவரிடம் மூன்று வினாக்கள் கேட்க வேண்டும்: இரவில் அடைக்கக் கூடு உண்டா? எத்தனை பெட்டைகள், எத்தனை சேவல்கள் உள்ளன? எதற்காகச் சேவலைப் பெறுகிறார்? மூன்றாம் வினாவைக் கேட்கப் பலர் தயங்குவர். உணவுக்காக வளர்ப்போரும் உண்டு. அது அவரவர் வழக்கம். ஆயினும் தாம் எதற்கு இசைகிறோம் என்பதைக் கொடுப்பவர் அறிந்தே கொடுக்க வேண்டும். கேட்காமல் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்துவதால் பறவைக்குப் பயனில்லை.

சேவலைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு எடுத்துச் செல்லலாகாது. காற்றோட்டமுள்ள கூடையில், வெயில் ஏறுமுன் கொண்டு செல்ல வேண்டும். புதிய இடத்தில் இரண்டு வாரங்களேனும் தனியே வைத்து, நோயின்மையை உறுதி செய்த பின்னரே பிற கோழிகளுடன் விட வேண்டும்.

இவ்வளவு முயன்றும் எல்லாச் சேவல்களுக்கும் வீடு கிடைப்பதில்லை. பெறுவோரைவிடக் கொடுப்போரே மிகுதி. ஆகையால் ‘இது சேவலானால் எங்கே வாழும்?’ என்னும் வினாவைக் குஞ்சு வாங்குமுன்னரே கேட்பது நல்லது.

சொல்லும் பொருளும்
பெட்டை – பெண்கோழி
பொரிப்பகம் – முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்கச் செய்யும் இடம்
இசைதல் – உடன்படுதல்

மரபு அறிவோம்
சேவல் கூவும், கோழி கொக்கரிக்கும்.

சிந்தித்து எழுதுக
1. கூண்டைத் துணியால் மூடுவது ஏன் முழுத் தீர்வாகாது?
2. பூங்காவில் சேவலை விடுவது விடுதலையா, கைவிடுதலா? காரணம் தருக.
3. உங்கள் வீட்டுச் சேவலைக் கேட்டு ஒருவர் வருகிறார். அவருக்கும் உங்களுக்கும் இடையே நிகழும் உரையாடலைப் பத்து வரிகளில் எழுதுக.