வெங்காய சமோசாவுக்கு ஓர் உறை

பெரிய அங்காடிகளில் தனி அலமாரியிலும், தெருமுனைக் கடைகளில் ஐஸ்கிரீமோடு ஒரே பெட்டிக்குள்ளும், பரோட்டா, பட்டாணி, கட்லெட், சமோசா முதலான பதார்த்தங்கள் இப்போது கல்லாய் உறைந்த நிலையில் விற்பனைக்குக் கிடக்கின்றன. வாங்குகிறவர்கள் உள்ளே இருக்கும் பண்டத்தின் ருசியைப் பற்றியும் விலையைப் பற்றியும் விசாரிப்பார்கள். அதைப் போர்த்தியிருக்கும் உறையைப் பற்றி ஒருவரும் விசாரிப்பதில்லை. கத்தரித்துக் குப்பையில் போடுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருளைப் பற்றி அறிந்துகொள்ள என்ன இருக்கிறது என்பது பொது அபிப்பிராயம். ஆயினும் ஆலையிலிருந்து புறப்பட்டு, குளிர்க் கிடங்கு, லாரி, கடை, வீடு என்று மாதக்கணக்கில் பிரயாணம் செய்து எண்ணெய்ச் சட்டியை அடையும் வரையில், அந்தப் பண்டத்தை விட்டு ஒரு கணமும் பிரியாமல் உடன் வருவது அந்த உறை ஒன்றுதான்.

உணவுத் தொழில்நுட்பம் பயிலும் மாணவர்களிடம், நாலைந்து பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒரு புதிய பண்டத்தைப் படைத்து அதற்குரிய உறையையும் வடிவமைக்கும்படி கல்லூரிகளில் பணிப்பதுண்டு. உறைகளை மட்டுமே ஒரு தனி சாஸ்திரமாகப் பயிற்றுவிப்பதற்கு 1966-ஆம் ஆண்டில் மும்பையில் இந்தியப் பேக்கேஜிங் நிறுவனம் தொடங்கப்பட்டது. உலகப் பேக்கேஜிங் அமைப்போ மாணவர்களின் வடிவமைப்புகளுக்கென்றே வேர்ல்டுஸ்டார் ஸ்டூடன்ட் என்ற போட்டியை நடத்திவருகிறது. அப்படிப்பட்ட ஒரு குழு, நம் ஊர் டீக்கடைகளிலும் சினிமாக் கொட்டகைகளிலும் ரயில்களிலும் விற்கும் சிறிய வெங்காய சமோசாவை உறைநிலைப் பண்டமாக்க முனைகிறது என்று வைத்துக்கொள்வோம். வடநாட்டு உருளைக்கிழங்கு சமோசாவின் கனத்த மாவுச் சுவர் இதற்கு இல்லை. மெல்லிய பட்டியை மடித்துச் செய்த முக்கோணம் இது. உள்ளே நீர் மிகுந்த வெங்காயம், மூன்று பக்கமும் ஊசி முனை. உறை செய்கிறவனுக்கு இதைவிடக் கடினமான விருந்தாளி அகப்படுவது அரிது.

இத்தகைய குழுக்கள் பெரும்பாலும் படத்திலிருந்தே தொடங்கிவிடுகின்றன. பொன்னிறச் சமோசா, பக்கத்தில் ஒரு கிண்ணம் சட்னி, மேலே கவர்ச்சியான ஒரு பெயர் என்று முதல் நாளே முகப்பு தயாராகிவிடும். உறை என்ன பொருளால் ஆனது என்ற கேள்வி அதற்கப்புறம்தான் எழும். இந்த வரிசை தவறு என்பது என் உறுதியான எண்ணம். உறைநிலைப் பண்டத்தின் உறையை எண்ணெய்ச் சட்டியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி யோசித்துக்கொண்டு வரவேண்டும்; ஏனெனில் உறையில் நேர்ந்த பிழைகள் எல்லாம் தம்மை வெளிக்காட்டிக்கொள்ளும் இடம் அதுவே.

அது எப்படி என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். உணவிலுள்ள நீரில் பெரும்பகுதி, பூஜ்யத்துக்குக் கீழே 1 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் இடையில் உறைகிறது. அந்த எல்லையை நிதானமாகக் கடக்க விட்டால், பனிப் படிகங்கள் பெரிதாக வளர்ந்து வெங்காயத்தின் உயிரணுச் சுவர்களைக் கிழித்துவிடும். உருகும்போது நீர் கசிந்து பட்டி நமுத்துப்போகும். ஆகவே, அரை வேக்காடாகப் பொரித்து ஆறவைத்த சமோசாவைப் பூஜ்யத்துக்குக் கீழே 35 அல்லது 40 டிகிரிக் குளிர்க்காற்றில் விரைவாக உறையவைத்து, அதன்பின் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் வைத்துக் காப்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட முறை. அந்தக் குளிரில் நுண்ணுயிர்கள் பெருகமாட்டா. ஆனால் அவை மடிந்தும் போவதில்லை. பொரித்த எண்ணெய் பிராணவாயுவோடு கூடிச் சிக்கு வாடை பெறுவதும் மெதுவாக நடந்துகொண்டேதான் இருக்கும்.

இவற்றையெல்லாம்விட உறை வடிவமைப்பவரை அலைக்கழிப்பது, குளிர் ஒரே நிலையில் நில்லாமல் ஏறி இறங்குவது. கடைக்காரர் பெட்டியைத் திறந்து மூடுகிறார். மின்சாரம் நின்று வருகிறது. வீட்டுப் பிரிஜ், படிந்த பனியைத் தானே உருக்கிக்கொள்வதற்காக அவ்வப்போது சூடேறித் தணிகிறது. வெளியே சூடு ஏறும் ஒவ்வொரு தடவையும் உறைக்குள் சிறைப்பட்ட காற்று சமோசாவின் மேற்பரப்பிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மறுபடி குளிரும்போது உறையின் சுவர்தான் முதலில் குளிர்வதால், அந்த ஈரம் உட்புறத்தில் வெண்பனியாகப் படிகிறது. இவ்வாறு பல முறை நிகழ்ந்தால் பண்டம் வறண்டு வெளுத்து, உறைக்குள் ஒரு கைப்பிடி பனித்தூள் சேர்ந்துவிடும். வாங்கிவந்தவர் பொட்டலத்தை அப்படியே கவிழ்க்கும்போது அந்தப் பனி 175 டிகிரி எண்ணெயில் விழுகிறது. நீர் ஆவியானால் தன் கன அளவைப்போல் ஏறக்குறைய 1,600 மடங்கு பெருகும் என்பது பாடப்புத்தகச் செய்தி. அது அடுப்பங்கரையில் கைமேலும் முகத்தின்மேலும் தெறிக்கும் கொதியெண்ணெயாக வந்து நிற்கிறது. உறையின் அழகைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்த அபாயத்தைப் பற்றிப் பேசாத குழு, தன் வேலையை இன்னும் தொடங்கவில்லை என்றே சொல்வேன்.

இதில் மாணவர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வெளியிலிருந்து ஈரம் புகாமலும் உள்ளிருந்து போகாமலும் தடுக்கும் உயர்ந்த விலைப் படலத்தை வாங்கிச் சுற்றிவிட்டாலும், உறைக்குள்ளேயே நடக்கும் இந்தப் பனிப் பெயர்ச்சி நிற்காது. அதைக் குறைக்க உறை வடிவமைப்பவருக்கு உள்ள வழி, உள்ளே இருக்கும் காலி இடத்தைக் குறைப்பது. உறைநிலை உணவு வியாபாரத்தின் மூலவர் என்று கருதப்படும் அமெரிக்கர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ இதை வெகு முன்னமே கண்டுகொண்டார். 1912-க்குப் பிறகு சில ஆண்டுகள் கனடாவின் லாப்ரடார் பகுதியில் வாழ்ந்தபோது, அங்குள்ள இனுவிட் மக்கள் பிடித்த மீன் கொடுங்குளிர்க் காற்றில் நொடியில் உறைவதையும், மாதங்கள் கழித்து உருக்கினாலும் அது புதுமை குன்றாதிருப்பதையும் அவர் பார்த்தார். ஊர் திரும்பி அவர் காப்புரிமை பெற்ற முறையின் சிறப்பு குளிரில் மட்டும் இல்லை. உணவை முதலில் அட்டைப் பெட்டியில் நெருக்கி அடைத்து, பெட்டியோடு சேர்த்து இரு உலோகத் தகடுகளுக்கிடையில் அழுத்தி உறையவைத்தார். பெட்டியும் பண்டமும் இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டன. 1927-இல் ட்யூபான்ட் கம்பெனியார் ஈரம் கடவாத செலோபேன் தாளைக் கண்டுபிடித்தது அவருடைய தொழிலுக்குப் பேருதவியாயிற்று. 1930 மார்ச் 6-ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரக் கடைகளில் அவர் பெயர் தாங்கிய பொட்டலங்கள் முதன்முதலாக விற்பனைக்கு வந்தன.

மீன் துண்டத்தை அழுத்தலாம். வெங்காய சமோசாவை அழுத்தினால் அப்பளம்போல் நொறுங்கும். காற்றை முற்றிலும் உறிஞ்சி எடுத்துவிடும் வாக்குவம் முறையும் இதனாலேயே உதவாது. பிளாஸ்டிக் தட்டில் குழி குழியாக அமைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே இருத்தலாம் என்று சொல்வார்கள். உடையாது என்பது மெய்தான், ஆனால் குழிகளின் இடைவெளியெல்லாம் காற்று, தட்டோ மேலும் ஒரு குப்பை. இங்கேதான் பள்ளிக்கூடத்து வடிவியல் கைகொடுக்கிறது. முக்கோணங்களை ஒன்று நிமிர்ந்தும் ஒன்று தலைகீழாகவும் மாற்றி மாற்றி அடுக்கினால், முனைகள் ஒன்றின் தோளில் ஒன்று அடங்கி, வரிசை முழுவதும் ஒரு நீள் கட்டியாகிவிடும். நடுவில் காற்றும் குறையும், வெளியே துருத்தும் முனைகளும் குறையும். இயந்திரம் கொட்டி நிரப்புவதைவிடக் கையால் அடுக்குவதற்குக் கூலி அதிகம் ஆகும் என்பது உண்மையே. அந்தக் கூலியையும் தட்டின் விலையையும் அருகருகே எழுதிக் கணக்குப் பார்க்கும் பழக்கத்தை மாணவர்கள் இந்தக் கட்டத்திலேயே பெற்றுவிடவேண்டும்.

படலத்தின் தேர்வுக்கு வருவோம். அறையின் வெப்பத்தில் வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் எல்லாம் குளிரிலும் அப்படியே இருக்கும் என்று எண்ணுவது பெரும் பிழை. சாதாரண பாலிபுரொப்பிலீன், பூஜ்யத்தையொட்டிய குளிரிலேயே விறைத்து நொறுங்கும் சுபாவத்தைக் காட்டத் தொடங்கும். இதற்கென்றே பக்குவப்படுத்திய வகைகள்தாம் தாங்கும். பாலிஎதிலீனோ பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியிலும் நெகிழ்ச்சி குன்றாமல், ஈரத்தையும் நன்றாகத் தடுத்து, வெப்பத்தில் எளிதாகச் சீல் ஆகிறது. ஆனால் பிராணவாயுவைத் தடுக்கும் சக்தி அதற்குக் குறைவு. நைலான் பிராணவாயுவைத் தடுக்கும், முனை குத்தினாலும் சுலபத்தில் ஓட்டையாகாது. ஈரத்தின் விஷயத்தில் அது பலவீனம். இப்படி ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புமாறு அடுக்கி ஒட்டுவதைத்தான் லேமினேட் என்கிறார்கள். கூட்டணி வலிமையானது; உபயோகித்தபின் பிரித்து மறுசுழற்சி செய்வதோ மிகக் கடினம். அலுமினியம் பூசிய படலம் ஒளியையும் காற்றையும் தடுத்தாலும், அதோடு மைக்ரோவேவ் அடுப்புக்குள் வைத்தால் தீப்பொறி பறக்கக்கூடும். வெங்காய சமோசா இரண்டு மூன்று மாதங்களில் விற்றுத் தீரும் பண்டமானால், முனைகளைத் தாங்குமளவு தடித்த பாலிஎதிலீன் படலம் ஒன்றே போதும், பிராணவாயுவைப் பற்றி மிகைப்பட அஞ்சவேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். ஓராண்டு ஆயுள் வேண்டுமென்று ஆசைப்பட்டுக் குப்பையைப் பெருக்குவதைக் காட்டிலும், ஆயுளைச் சுருக்கி உறையை எளிமையாக்குவது மேல்.

பரிசோதனைக்குப் பெரிய சாதனங்கள் இல்லாவிட்டாலும் மனம் தளரவேண்டியதில்லை. சீல் வைத்த பொட்டலங்களை எடை போட்டு, பிரீசரிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் வெளியே வைத்துத் திரும்ப உள்ளே வைத்து, ஒரு வாரம் கழித்துத் திறந்து, சேர்ந்த பனியைத் தட்டி எடுத்து நிறுத்தால், எந்த அடுக்கு முறை சிறந்தது என்பதைத் தராசே சொல்லிவிடும். உறைந்த பொட்டலத்தை இடுப்பளவு உயரத்திலிருந்து கீழே போட்டு, பின்பு சாய நீரில் அமிழ்த்திப் பார்த்தால், முனை குத்திய துளை எங்கே என்பது கண்ணுக்குத் தெரியும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் முகப்பு. அதை வரைய உட்காருமுன் கடைக்குப் போய்ப் பெட்டியைக் குனிந்து பார்க்கவேண்டும். கண்ணாடிக் கதவுள்ள நிமிர்ந்த அலமாரியில் உறையின் முகம் தெரியும். மேற்புறம் திறக்கும் பெட்டியில், பொட்டலங்கள் செங்குத்தாகச் சொருகப்பட்டிருந்தால் ஓர் ஓரம் மட்டுமே தெரியும். பெயர் அந்த ஓரத்தில் இல்லையானால், முகப்பில் எத்தனை வண்ணம் தீட்டினாலும் வாங்குகிறவர் அதைக் காணமாட்டார். வெளியே எடுத்தவுடன் காற்றின் ஈரம் உறைமேல் முத்து முத்தாகக் கோக்கும். அப்போது காகித லேபிள் ஊறிக் கழன்றுவிடும், தரமற்ற மை கையில் ஒட்டும். உபயோகிக்கவேண்டிய கடைசி நாளை அச்சிடும் இடம் விரல் தேய்க்காத பகுதியாக இருக்கவேண்டும்.

சட்டம் கேட்கும் விவரங்கள் பல. பண்டத்தின் பெயர், எடையில் மிகுந்ததிலிருந்து குறைந்தது வரையில் சேர்மானங்களின் வரிசை, 100 கிராமுக்கு உண்டான சத்துக் கணக்கு, கோதுமை முதலான ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிய அறிவிப்பு, பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டமான சைவக் குறி, 14 இலக்க உரிம எண், நிகர எடை, உச்ச விலை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றுள் பெரும்பாலானவற்றை இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020-ஆம் ஆண்டு விதிகளும், எடை, விலை விவரங்களை 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளும் வரையறுத்திருக்கின்றன. விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்கவேண்டும். மற்ற மொழிகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதே விதி. தமிழில் எழுதுவது கட்டாயமில்லை என்பதால் பலர் எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. "உருகவிடாமல் அப்படியே பொரிக்கவும். ஒட்டியுள்ள பனியை உதறிவிட்டுச் சில சிலவாக எண்ணெயில் இடவும். உருகியதை மீண்டும் உறையவைக்க வேண்டாம்." என்ற மூன்று வாக்கியங்கள் அடுப்பின் முன் நிற்பவருக்கு விளங்கும் மொழியில் இல்லையென்றால், அவற்றை அச்சிட்டும் பயனில்லை. படத்திலுள்ள சட்னிக் கிண்ணத்தை எடுத்துவிட்டால் இந்த மூன்று வாக்கியங்களுக்குத் தாராளமாக இடம் கிடைக்கும்.

அச்சுச் செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடவேண்டும். கிராவியூர் முறையில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி உருளை செதுக்கவேண்டியிருப்பதால், சிறிய அளவில் தொடங்குகிறவர்களுக்கு ஆறேழு வண்ணம் கட்டுப்படியாகாது; இரண்டு வண்ணத்தில் தெளிவாக எழுதப்பட்ட உறை, பார்வைக்கும் குறைந்ததாகாது.

கடைசியாக, குழுவினர் தம் மாதிரியை வெளியார் வீடு ஒன்றின் சமையலறையில் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பது நலம். இருபது சமோசா அடங்கிய பொட்டலத்தை ஒரே வேளையில் பொரித்துத் தீர்க்கும் குடும்பங்கள் குறைவு. வீட்டுக்காரர் ஓரத்தைக் கத்தரித்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மடித்து ரப்பர் பாண்டு போட்டுத் திரும்ப பிரீசரில் வைத்துவிடுவார். அந்தக் கணத்தோடு, காற்றைக் குறைப்பதற்காகக் குழு செய்த சாமர்த்தியம் அத்தனையும் வீணாகிவிடும். இதற்கு ஜிப் வைத்த பவுச்சைப் பரிகாரமாகச் சொல்வார்கள். அதற்கு விலை அதிகம், பனித்துகள் ஏறினால் அது சரியாக மூடிக்கொள்வதுமில்லை. அதைவிட, நீள் கட்டியின் நடுவில் குறுக்கே ஒரு சீல் போட்டுப் பொட்டலத்தைப் பத்துப் பத்தாக இரு அறைகளாக்கிவிட்டால், ஓர் அறையைப் பிரிக்கும்போது மற்ற அறை ஆலையில் அடைத்தபடியே இருக்கும். அந்தச் சீலுக்கு மேற்கொண்டு ஆகும் செலவு ஒரு விரலகலப் படலம். தமிழ் வாக்கியங்களை அச்சிடுவதற்கும் அதுவே ஏற்ற இடம்.