மஞ்சள் பூத்ததெல்லாம் ஆவாரை அல்ல

பெங்களூரைச் சுற்றிலும் வளரும் அவரைக் குடும்பத்துப் புதர்களை அடையாளம் காண ஒரு லென்ஸும் கொஞ்சம் பொறுமையும் போதும். ஆள் மாறினால்தான் ஆபத்து.

டிசம்பர் பிறந்துவிட்டால் பெங்களூர் மார்க்கெட்டுகளில் நடைபாதையெல்லாம் பச்சைக் குவியல். சாக்குச் சாக்காக வந்து இறங்கும் அவரேகாயை (தமிழ்நாட்டில் மொச்சை) உள்ளூர்க்காரர்கள் முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார்கள். பனி குடித்த காய் என்றால் கையில் பிசுபிசுப்பும் மூக்கில் வாசனையும் ஒட்ட வேண்டும். கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கத்தவர்களுக்குப் பிதுக்கம்பருப்பு என்று சொன்னாலே போதும், நாவில் நீர் ஊறும். அதற்குச் சற்று முன்னால், கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்களன்று, பசவனகுடி காளை கோயிலைச் சுற்றி நிலக்கடலைத் திருவிழா.

நகரத்தின் பெயருக்கே ஒரு பயறுக் கதை உண்டு. வேட்டையில் வழிதவறிய ஹொய்சள மன்னன் இரண்டாம் வீர பல்லாளனுக்குக் கிழவி ஒருத்தி வேகவைத்த பயறு கொடுத்தாளாம். வெந்த பயறு ஊர் என்ற பொருளில் 'பெந்தகாளூரு' ஆகி, பிறகு பெங்களூரு ஆனதாம். ஆனால் பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் உள்ள, சுமார் கி.பி. 890-ஐச் சேர்ந்த கல்வெட்டில் 'பெங்களூரு' என்ற பெயர் இருக்கிறது. மன்னன் பிறப்பதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கும் முந்தைய கல்வெட்டு அது. எனவே கதை நிற்காது. ஊருக்கும் அவரைக் குடும்பத்துக்கும் உள்ள உறவு மட்டும் நிற்கிறது.

அந்த உறவும் சமையலறை வாசலோடு நின்றுவிட்டது. சாலையோரங்களில் இதே குடும்பத்து மரங்கள்தான் வரிசை கட்டி நிற்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் தீப்பிடித்ததுபோலச் சிவக்கும் குல்மொஹர், மடகாஸ்கரிலிருந்து வந்தது. குடை விரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரமும், வீட்டு முகப்புகளில் பூத்துக் குலுங்கும் மயில்கொன்றையும் வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தவை. 1908-ல் மைசூர் சமஸ்தானத்துக்கு வந்து லால்பாகின் பொறுப்பை ஏற்ற ஜெர்மானியத் தோட்டக்கலை நிபுணர் குஸ்தாவ் கிரும்பீகல், வருடம் முழுவதும் ஏதாவது ஒரு தெருவில் ஏதாவது ஒரு மரம் பூத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று திட்டமிட்டவர். அழகில் குறையில்லை. ஆனால் அந்த அழகில் மயங்கிய நகரம் தன் எல்லையில் தானாகப் பூக்கும் புதர்களின் பெயரை மறந்துபோனது.

பன்னர்கட்டா, துரஹள்ளி, சாவனதுர்கா என்று பாறையும் முள்ளுமாகக் கிடக்கும் புதர்க்காடுகள்தான் அந்தச் செடிகளின் வீடு. மழை ஓய்ந்ததும் அங்கே மஞ்சளும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கும். பார்ப்பவர்கள் மஞ்சள் என்றால் எல்லாவற்றையும் ஆவாரை என்கிறார்கள். அங்கேதான் சிக்கல்.

குடும்ப முகம்

சுமார் 19,500 வகைகள் கொண்ட அவரைக் குடும்பம், பூக்கும் தாவரக் குடும்பங்களில் உலகிலேயே மூன்றாவது பெரியது. சூரியகாந்தியும் ஆர்க்கிடும் மட்டுமே அதை முந்துகின்றன. இத்தனை பெரிய குடும்பத்தில் அண்ணன் முகம் தம்பிக்கு இருக்காது. பூவை நம்பினால் ஏமாறலாம்; காயை நம்பலாம். அவரையோ ஆவாரையோ, பெரும்பாலான காய்கள் ஒரே அறையில் வரிசையாக விதைகளை வைத்திருக்கும் நெற்றுகள்தான்.

பூக்களை மூன்று தினுசாகப் பிரித்துக்கொண்டால் வேலை சுலபம். முதல் தினுசு பட்டாணிப் பூ. பின்னால் கொடிபோல நிமிர்ந்த ஒரு பெரிய இதழ், இரு பக்கமும் சிறகுகள்போல இரண்டு, கீழே படகுபோல ஒட்டிய இரண்டு. இரண்டாவது, ஆவாரை போல ஐந்து இதழ்களும் ஏறக்குறைய சமமாக விரிந்த பூ. மூன்றாவது, தொட்டாற்சிணுங்கி போல இதழ்கள் தெரியாமல் மகரந்தத் தாள்கள் மட்டும் பஞ்சுருண்டையாகத் தெரியும் பூ.

ஆவாரையின் காது

தமிழர்களுக்கு இந்தச் செடியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களில் ஆவிரையும் ஒன்று. பொங்கலுக்கு முந்தைய நாள் கூரையில் செருகும் காப்பில் வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவும் இருக்கும். கன்னடத்தில் இது தங்கடி அல்லது ஆவரிகே. தெலுங்கில் தங்கேடு, தெலங்கானாவின் மாநிலப் பூ. ஒரு காலத்தில் சென்னை மாகாணத்தின் தோல் தொழிலே இதன் பட்டையை நம்பி நடந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்த பிறகுதான் ஆவாரைக்கு ஓய்வு கிடைத்தது.

இவ்வளவு பழகிய செடியைக் கண்டுபிடிக்க இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே காது மடல்போல அகன்ற இலைச்செதில் ஒன்று ஒட்டியிருக்கும். இதன் தாவரவியல் பெயரிலுள்ள 'ஆரிகுலேட்டா' குறிப்பது அந்தக் காதைத்தான். அடுத்து, கூட்டிலையின் நடு நரம்பில் எதிரெதிரான சிற்றிலைகளின் ஒவ்வொரு ஜோடிக்கும் இடையே குச்சிபோலச் சின்னச் சுரப்பி ஒன்று நிற்கும். லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் நல்ல வெளிச்சம் போதும். காய் தட்டையாக, காய்ந்தபின் காகிதம்போல மெல்லியதாக இருக்கும். காது, ஜோடிதோறும் சுரப்பி, காகிதக் காய் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் அது ஆவாரை.

பூவிலும் ஒரு வேடிக்கை. பத்து மகரந்தத் தாள்களும் ஒரே அளவில் இல்லை. மூன்று வெறும் அலங்காரம். மற்றவற்றில் மகரந்தம் நுனியிலுள்ள சிறு துளை வழியாக மட்டுமே வெளியே வரும். தேன் கிடையாது. கருவண்டுபோல வரும் தச்சுத் தேனீ பூவைப் பிடித்துக்கொண்டு உடலை அதிரவைக்கும். அந்த அதிர்வில் உப்பு ஜாடியிலிருந்து உப்பு கொட்டுவதுபோல மகரந்தம் கொட்டும். காலை நேரத்தில் ஆவாரைப் புதர் அருகே நின்றால் அந்த ரீங்காரம் கேட்கும்.

ஆள்மாறாட்டத்தின் விலை

ஆவாரையின் சொந்தக்காரி ஒருத்தி இருக்கிறாள்: பேயாவரை. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து குப்பைமேடு, சாலையோரம் எங்கும் பரவிய செடி. இதைச் சிலர் பொன்னாவிரை என்றும் சொல்வது குழப்பத்தைக் கூட்டுகிறது. சிற்றிலைகள் நாலைந்து ஜோடிதான், நுனி கூர்மை. சுரப்பி ஒன்றே ஒன்று, காம்பின் அடியில். காது கிடையாது. கசக்கினால் துர்நாற்றம்.

மேற்கு உத்தரப் பிரதேசத்தில் வருடந்தோறும் மழைக்காலம் முடியும்போது கிராமத்துக் குழந்தைகள் வலிப்பும் மயக்கமுமாக ஆஸ்பத்திரிக்கு வந்து சில நாட்களில் இறந்துகொண்டிருந்தார்கள். மூளைக்காய்ச்சல், வைரஸ் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பிஜ்னோர் குழந்தை மருத்துவர் விபின் வசிஷ்டாவும், வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய வைரஸ் நிபுணர் ஜேக்கப் ஜானும் அடங்கிய குழுவின் ஆய்வு 2007-ல் வெளியானது. காரணம் வைரஸ் அல்ல, விளையாட்டாகவும் பசியாலும் குழந்தைகள் மென்ற பேயாவரை விதைகள் என்றது அது. 2016-ல் ஒடிசாவின் மல்கான்கிரி மாவட்டத்தில் ஏறக்குறைய நூறு குழந்தைகள் இறந்தபோது சிலரிடம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி தெரிந்தது. மற்ற பலரின் விஷயத்தில் விசாரணை இதே செடியின் நச்சைத்தான் சுட்டியது. ஆவாரம்பூத் தேநீர் நகரங்களில் விற்பனையாகிற இந்த நாளில், சாலையோரத்து மஞ்சளைப் பறிக்கும் முன் இரண்டு முறை பார்ப்பது நல்லது.

இன்னொரு ஆள்மாறாட்டத்துக்குக் காடுகள் விலை கொடுத்துக்கொண்டிருக்கின்றன. அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற மரம், வயநாட்டில் 1980-களில் நடப்பட்டது. மஞ்சள் கொத்துகளைப் பார்த்து விஷுக் கொன்றையின் உறவு என்று நினைத்து மஞ்சக்கொன்னை என்று பெயரிட்டார்கள். இன்று அது முதுமலை, பண்டிப்பூர், நாகரஹொளே வரை பரவி, யானைக்கும் மானுக்கும் புல் முளைக்கவிடாமல் செய்கிறது. வெட்டினால் அடிமரத்திலிருந்து பல கிளைகளாகத் துளிர்க்கும். தமிழகத்தில் அதை அப்புறப்படுத்தி அரசு காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். கொன்றையின் பூக்கள் சரமாகத் தொங்கும். இதன் கொத்துகள் கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும். இந்த ஒரு வித்தியாசம் நாற்பது வருடங்களுக்கு முன் யார் கண்ணிலாவது பட்டிருக்கலாம்.

புதரில் இன்னும் யார்?

ஆவாரையோடு நிறுத்திவிட வேண்டாம். மஞ்சள் பட்டாணிப் பூ பூத்து, காய் ஊதிப் பருத்து, காய்ந்தபின் ஆட்டினால் கலகலவென்று சத்தமிட்டால் அது கிலுகிலுப்பை. நீலவரி வண்ணத்துப்பூச்சிகளின் ஆண்கள் இதன் காய்ந்த தண்டில் மொய்த்துக் கிடப்பதைப் பார்க்கலாம். அங்கே உறிஞ்சும் ரசாயனத்திலிருந்துதான் அவை பெண் பூச்சிகளைக் கவரும் வாசனையைத் தயாரிக்கின்றன.

ஊதாப் பட்டாணிப் பூவோடு முழங்கால் உயரத்தில் நிற்பது கொழிஞ்சியாக இருக்கலாம். சோதனை எளிது: ஒரு சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுத்தால் நேராகக் கிழியாது, அம்பு முனைபோல 'வி' வடிவில் பிய்ந்து வரும். சமஸ்கிருதத்தில் சரபுங்கம், அதாவது அம்பின் இறகு. விவசாயிகளுக்கு இது தழையுரம். இதன் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்க்கின்றன. இந்தக் குடும்பம் முழுவதற்கும் அந்தப் புகழைக் கொடுத்துவிட முடியாது. ஆவாரை வகையறாவின் வேர்களில் அந்த முடிச்சுகள் இல்லை.

மாட்டுக் குளம்புபோல நடுவில் பிளந்த இலையும், மணிபோலக் கவிழ்ந்த வெளிர்மஞ்சள் பூவும், உள்ளே ஒரு கருஞ்சிவப்புப் பொட்டும் இருந்தால் அது திருவாத்தி. சட்டையைப் பிடித்து இழுக்கும் வளைமுள்ளோடு, தூரத்திலிருந்து பார்க்கச் செம்பூக்கள் கொத்தாகப் பூத்தது போலத் தெரிந்தால் அது கருஇண்டு. சிவப்பாகத் தெரிவது பூ அல்ல, இறக்கை முளைத்த காய். பூ சிறியது, வெளுத்தது.

பெயர் இல்லாத நிலம் தரிசு

இதெல்லாம் தாவரவியல் மாணவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. துரஹள்ளிப் புதர்க்காட்டில் மரப் பூங்கா அமைக்கும் திட்டம் 2021-ல் வந்தபோது, பெங்களூர்வாசிகள் திரண்டு எதிர்த்ததால்தான் அது நின்றது. ஹெசரகட்டாவின் 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட புல்வெளியைக் காப்பகமாக அறிவிக்கும் யோசனையை அதே வருடம் மாநில வனவிலங்கு வாரியம் ஏற்கவில்லை. 2024-ல்தான் அரசு ஒப்புக்கொண்டது. உயர்ந்த மரம் இல்லாத நிலமென்றால் தரிசு என்று எழுதிவிடுவது பிரிட்டிஷ் காலத்துப் பழக்கம். அங்கே என்ன இருக்கிறது என்று பெயர் சொல்லத் தெரியாதவரை அதை மறுத்துப் பேசவும் முடியாது.

பெயர் சொல்வதற்கு உதவி இல்லாமலில்லை. எஸ்.வி. ராமஸ்வாமியும் பி.ஏ. ராஜியும் தொகுத்த பெங்களூர் மாவட்டத் தாவர நூலை மைசூர் பல்கலைக்கழகம் 1973-ல் வெளியிட்டது. பாதிரியார் செசில் சல்தானா கர்நாடகக் காடுகளில் அலைந்து சேர்த்த உலர்செடிகள் இந்திய அறிவியல் கழகத்தின் உலர்தாவரச் சேமிப்பில் இருக்கின்றன. தமிழகத்துக்குத் திருச்சி ராபினட் ஹெர்பேரியமும் அதன் கே.எம். மாத்யூ எழுதிய நூல்களும் உண்டு. ஆனால் புத்தகம் திறப்பதற்கு முன் ஒரு சிறு நோட்டு போதும். இலை எந்த வடிவம், சுரப்பி எங்கே, காய் எப்படி, எந்த மாதம் பூத்தது என்று நாலு வரி குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. படம் எடுப்பவர்கள் பூவை மட்டும் எடுக்காமல் இலைக்காம்பின் அடியையும் காயையும் சேர்த்து எடுக்க வேண்டும். சந்தேகம் தீர்வது அங்கேதான். செடியைப் பிடுங்கத் தேவையில்லை, விதையைச் சுவைத்துப் பார்க்கவே கூடாது.

அவரேகாயை முகர்ந்து பார்த்து நல்லது கெட்டது சொல்கிற ஊர் இது. ஆவாரைக்குக் காது இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது அதைவிடக் கடினமான வேலை அல்ல.