பாத்ரூமை மாற்றப் போகிறீர்களா? குழாயைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்!

‘‘மாமியாருக்கு மூட்டு வலி. இந்தியன் டாய்லெட்ல உட்கார்ந்தா எழுந்திருக்க முடியலை. வெஸ்டர்ன் வெச்சிடலாம்னு இருக்கோம். அப்படியே க்ளாஸெட்டை அந்த மூலைக்குத் தள்ளிட்டா, கதவைத் திறந்ததும் கண்ணுல படாது பாருங்க...’’

பல வீடுகளில் பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே குடும்பத்தோடு டைல்ஸ் கடைக்குக் கிளம்பிவிடுவோம். கொஞ்சம் பொறுங்கள்! டைல்ஸ் என்பது கடைசி வேலை. பாத்ரூமில் எது எங்கே இருக்கலாம் என்று தீர்மானிப்பது, தரைக்கு அடியில் ஓடும் கழிவுக் குழாய்தான்.

தள்ளினால் படி முளைக்கும்!

நல்ல தண்ணீர்க் குழாய்க்கு மாடித் தொட்டியின் அழுத்தம் இருக்கிறது. சுவரில் ஏறும், இறங்கும், வளையும். கழிவுக் குழாய்க்கு அந்த வசதி கிடையாது. சரிவு ஒன்றுதான் அதன் பலம். க்ளாஸெட்டிலிருந்து போகும் 4 அங்குலக் குழாய்க்கு, 40 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் சரிவு கொடுப்பது வழக்கம். க்ளாஸெட்டை 4 அடி தள்ளினால், சுமார் ஒன்றேகால் அங்குலம் இறக்கம் வேண்டும். குழாயின் உயரம் 4 அங்குலத்துக்கு மேல். அதற்கு மேலே கலவை, டைல்ஸ்.

தரைக்கு அடியில் அவ்வளவு ஆழம் இல்லையென்றால், ‘‘ஒரு படி கட்டி மேடாக்கிடலாம் சார்’’ என்பார் பிளம்பர். அரை அடிக்கு மேல் மேடு எழும்பிவிடும். ராத்திரி 2 மணிக்குத் தூக்கக் கலக்கத்தோடு, ஈரக் காலோடு அதில் ஏறி இறங்கப் போவது யார்? அதே மாமியார்தான்! அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் ஆபரேஷன், மாதக்கணக்கில் படுக்கை என்று நீண்டுவிடும்.

ஆகவே, க்ளாஸெட்டை முடிந்தவரை பழைய இடத்திலேயே விடுங்கள். வாஷ்பேசின், ஷவர், கீஸர் இவற்றை மாற்றுவது சுலபம். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி செய்யுங்கள். உள்ளே இடமும் கிடைக்கும். யாராவது மயங்கி விழுந்தாலும் கதவைத் திறந்துவிடலாம்.

அடுக்குமாடி வீடா? சில ஃபிளாட்டுகளில் உங்கள் கழிவுக் குழாய் கீழ்வீட்டு பாத்ரூமின் கூரையில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். அதை நகர்த்த அவர்களின் சம்மதம் வேண்டும். குழாய்க்காக பீமை மட்டும் உடைக்கவே விடாதீர்கள்.

டேப்பை எடுங்கள்

வெஸ்டர்ன் க்ளாஸெட்டில் ‘எஸ்’ டிராப், ‘பி’ டிராப் என இரு வகை உண்டு. முதலாவது தரை வழியாகவும், அடுத்தது சுவர் வழியாகவும் கழிவை வெளியேற்றும். ‘எஸ்’ டிராப் என்றால், டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து தரைக்குழாயின் மையம் வரை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். வெறும் சுவரிலிருந்து அளந்துவிட்டால், டைல்ஸும் கலவையும் ஒரு அங்குலத்தை விழுங்கிவிடும். வாங்கிய க்ளாஸெட் உட்காராது!

டிராப் காயக்கூடாது

தரையில் உள்ள டிராப்பில் எப்போதும் 2 அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடைக் காற்றும் கரப்பானும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். குளிக்கும் இடத்தை மாற்றினால், பழைய டிராப்புக்குத் தண்ணீர் வராமல் காய்ந்துவிடும். 2003-ல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் சார்ஸ் நோய் தொற்றியது. பல பாத்ரூம்களில் தரை டிராப்கள் காய்ந்திருந்ததும், எக்ஸாஸ்ட் ஃபேன் அந்த வழியே கழிவுக் குழாயின் காற்றை உள்ளே இழுத்ததும் நோய் பரவ வழி செய்திருக்கும் என்றது விசாரணை.

வேண்டாத டிராப்பை முறையாக அடைத்துவிடுங்கள். எப்போதாவது பயன்படும் டிராப் என்றால், வாரம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். ஃப்ளஷ் செய்யும்போது தரை டிராப் ‘குபுகுபு’ என்றால், காற்றுக் குழாயில் கோளாறு இருக்கலாம். பிளம்பரிடம் காட்டுங்கள்.

மூடுவதற்கு முன்...

* குழாய்களின் வாயை அடைத்து, பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்திருந்தால், சுவர் திறந்திருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

* குடிநீர்க் குழாய் கழிவுக் குழாயை ஒட்டியோ, அதற்குக் கீழேயோ போகக்கூடாது. இரண்டும் கசிந்து கலந்தால் டைஃபாய்டு, மஞ்சள் காமாலை வரக்கூடும்.

* நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு காய்ந்ததும், தரையில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கி, கீழ்க்கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். அதன் பிறகே டைல்ஸ்.

* சுவரில் டேப்பை வைத்து, குழாய் போகும் வழியை ஃபோட்டோ எடுத்து வையுங்கள். க்ளாஸெட் பக்கத்தில் பெரியவர்களுக்குக் கைப்பிடி மாட்டத் துளை போடும்போது குழாய் தப்பிக்கும். டவல் மாட்டும் கம்பி ஆள் பாரம் தாங்காது. அதைக் கைப்பிடியாக நம்ப வேண்டாம்.

இதெல்லாம் முடிந்த பிறகு டைல்ஸ் கடைக்குப் போங்கள். வழவழப்பானது வேண்டாம், சொரசொரப்பானதாகப் பாருங்கள். கலரை மாமியாரே தேர்ந்தெடுக்கட்டுமே!